அறை மைக்

இக்னேஷியஸ் அசரப்பா
பகலில் தேத்தண்ணி குடித்துத் துப்புகிறவன்.
அதற்குச் சம்பளம்.
நீள மேசை, அறுபது கோப்பை.
உறிஞ்சல், நாக்கில் ஒரு கணம், பிறகு துப்பல்.
அந்த ஒரு கணத்தைத்தான்
இரவில் ட்ரம்ஸுக்குக் கொண்டுவருவான்.
அடி விழவேண்டிய இடத்தில் விழாது.
விழும், கொஞ்சம் பிந்தி,
‘உள்ளே வாங்கோ’ என்றபின்னும்
படியில் நின்று செருப்பைக் கழற்றுகிறவன்போல.

பம்பலப்பிட்டியில் கடற்பக்கம் என் அறை.
ஏசியை நிறுத்தினால்தான் பதிவு சுத்தம்.
நிறுத்தினோம். பிரஷ் பிடித்த கை வழுக்க வழுக்க
ஆறு இரவு.
அவனிடம் தோலும் பித்தளையும்,
என்னிடம் ஒரு பழைய சிந்தசைசர், மடிகணினி.
நடுவில் கொத்துரொட்டிப் பார்சல்,
எண்ணெய் ஊறிய தாளோடு.

இருபது நிமிடத்துக்கொரு கோச்சி.
பாணந்துறைக்கு ஒன்று, மருதானைக்கு ஒன்று.
நல்ல டேக் எல்லாம் கோச்சியோடுதான் வந்தது.
ஒவ்வொன்றாகப் பிடித்து வெட்டினேன்,
மீனுக்குச் செதில் எடுப்பதுபோல.
கடைசியில் ஏழு துண்டு, முப்பத்தெட்டு நிமிடம்.
கேட்டவர்கள் நானூற்றுச் சொச்சம்,
பாதிப்பேர் இக்னேயின் சொந்தக்காரர்.

பிறகு றீமிக்ஸ்கள்.
கேட்டது நான்தான்.
கிக், ஸ்னேர், ஹைஹாட், என் பேஸ், என் ஸ்வரங்கள்,
எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து
அனுப்பினேன்,
இறைச்சிக்கடையில் பங்கு போடுவதைப்போல.

ராஜகிரியவிலிருந்து வந்ததன் வேகம் நூற்றிருபத்தாறு.
இக்னேயின் ஒவ்வொரு அடியையும் பிடித்து
கட்டத்துக்குள் நிறுத்தியிருந்தான் ஒருவன்,
காலைக் கூட்டத்தில் வரிசை பார்க்கும் மொனிட்டர்போல.
டும் டும் டும் டும்.
நல்லாத்தான் இருந்தது, அதுதான் பிரச்சினை.
என் கால் என்னைக் கேளாமல் ஆடியது.
ஸ்காபரோவிலிருந்து இன்னொன்று:
ஒரே ஒரு ஸ்னேர்தான் மிச்சம்,
அதையும் பின்னோக்கி ஓடவிட்டு
தண்ணீருக்குள் தள்ளியிருந்தார்கள்.

இக்னே முழுதும் கேட்டான். ஹெட்போனைக் கழற்றினான்.
“ஐசே, இதுல நான் எங்க?”
திரையில் காட்டினேன், இந்தா, இந்தப் பச்சைக் கோடு.
பிரேத அறையில் அடையாளம் காட்டச் சொன்னவன்போலப்
பார்த்தான். தலையாட்டினான்.
தண்ணி கேட்டான்.

தெமட்டகொடையிலிருந்து ருஸைனா அனுப்பியது
மூன்று வாரம் பிந்தி வந்தது.
நடன இரவுகளுக்கு லைட் கட்டுகிறவள்,
இதற்குமுன் ஒன்றும் வெளியிட்டதில்லை.
கிக்கைத் தொடவில்லை. ஸ்னேரைத் தொடவில்லை.
என் ஸ்வரங்களை மரியாதையாகத் தள்ளிவைத்திருந்தாள்.
நான் அழிக்க மறந்த ஒரு தடம்
அடியில் கிடந்திருக்கிறது:
அறை மைக்.
மூலையில் தொங்கியபடி எல்லாவற்றையும் கேட்டது.
ஸ்டூல் கிரீச்சிட்டது, பார்சல் தாள்,
அடிப்பதற்குமுன் இக்னே மூக்கால் இழுக்கும் மூச்சு
(அதே தேத்தண்ணி மேசை மூச்சு),
அப்புறம் கோச்சி.
நான் வெட்டிய அத்தனை கோச்சியும் உயிரோடு.

அதைத்தான் பேஸ் ஆக்கியிருந்தாள்.
தண்டவாள இணைப்பில் சக்கரம் விழும்
இரட்டைத் தட்டு கிக்.
மூச்சு ஹைஹாட்.
அடிக்குமுன் உள்ள இடங்களை மட்டும் பொறுக்கி
ஆறு நிமிடத்துக்கு ஒட்டியிருந்தாள்.
ஒரு அடிகூட விழவில்லை.
இந்தா அடிக்கப்போறான், இந்தா அடிக்கப்போறான் என்று
உடம்பு நின்றது, நிற்கமாட்டாமல் ஆடியது.

கொம்பனித்தெரு மொட்டைமாடி, சனிக்கிழமை.
ஒருபக்கம் பேரை வாவி, மறுபக்கம் கிரேன்.
சப்வூஃபர் அதிரக் கோச்சி வந்தது.
கணக்காளர்கள், கோல்சென்டர் பிள்ளைகள்,
வெயிலில் சிவந்த ஒரு வெளிநாட்டுச் சோடி,
எல்லாரும் இக்னேயின் மூச்சுக்கு ஆடினார்கள்.
அவனை ஒருவருக்கும் தெரியாது.
ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றான்,
ஒரு கையில் ஜின்ஜர் பியர்,
மற்றக் கை தொடையில்.
நான் அந்த விரலையே பார்த்தேன்.
ஸ்பீக்கருக்குள் இருந்த இக்னே மூச்சை இழுத்தான்.
வெளியில் நின்ற இக்னே
கொஞ்சம் பிந்தி
தட்டினான்.

காலி வீதியால் த்ரீவீலரில் திரும்பும்போது கேட்டான்:
“காசு கீசு வந்தா
கோச்சிக்கும் ஒரு பங்கு குடுக்கணுமே, என்ன?”