மூன்று கிலோ இருநூறு

ஊருக்குப் போகும் பெட்டியை எடைபார்க்கும்
கொக்கித் தராசில்
பூனையைத் தொங்கவிட்டோம்.
துணிப்பைக்குள் அது. கட்டில்மேல் ஏறி நின்று
தராசைப் பிடித்திருந்தான் நைனா முகம்மது.
மூன்று முந்நூற்றைம்பது.
பைக்கு நூற்றைம்பது கழி என்றான்.
கோடாலித் தைலம், பால்பவுடர், போர்வை என்றே
பழகிப்போன தராசு
முதல்முறையாக
மூச்சுவிடும் ஒன்றின் எடையைச் சொன்னது.

ஓவர்டைம் என்று பேர்.
மஹ்பூலாவில் எங்கள் நாலாம் மாடிக்கு
நள்ளிரவு தாண்டித்தான் வரும்.
நான் சைவம்.
கேட்டரிங் கிச்சனில் ஆயிரம் பேருக்குக் கோழி வெட்டிவிட்டு
அறைக்கு வந்தால் தயிர்சோறு.
எனக்கு ஒரு வாய், அதற்கு ஒரு வாய்.
ஒரு வருஷத்துக்கு மேல்.
ஒருநாளும் மறுக்கவில்லை, தட்டைச் சுற்றிவந்து நக்கியது.
அதன் பசியை
சம்மதம் என்று படித்துக்கொண்டேன்.

போன மாதம்
ஏ.சி. பெட்டிமேல் தாவப் போய்
வெறுங்காற்றில் தாவியது.

ஃபஹாஹீலில் டாக்டர் ரிஹாப், சூடான்காரர்,
கண்ணில் விளக்கடித்தார், நெஞ்சில் குழாய் வைத்தார்,
ஸ்கேன் திரையில் எதையோ அளந்தார்.
என்ன சாப்பிடுகிறது?
சொன்னேன்.
பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

டாரின், என்றார்.
கறியிலும் மீனிலும் இருப்பது.
உன் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும்.
இதன் உடம்புக்கு அவ்வளவு செய்யத் தெரியாது,
வெளியிலிருந்து வந்தாக வேண்டும்.
வராவிட்டால் நெஞ்சு தளர்ந்து பெருக்கும்.
கண்ணின் பின்திரை கருகும்.
நெஞ்சு ஒருவேளை திரும்பும்.
கண்ணில் போனது போனதுதான்.

அன்றைக்கு ராத்திரி நைனா
கட்டிலடியிலிருந்து தன் ஜிம் டப்பாவை இழுத்தான்.
"அமினோ ஆசிட்தானே மாப்ளே, இதுலயே இருக்கு,
எதுக்குக் காசைக் கொட்டுற?"
அன்னாசி வாசம். மூடிக்குள் ஒரு கரண்டி.
டார்ச் அடித்துப் படித்தோம்.
டாரின் ஆறாம் வரியில்.
எட்டாம் வரியில் கஃபீன்.
பிறகு வாயில் நுழையாத இனிப்புகள் இரண்டு.
தொண்ணூறு கிலோ நைனாவுக்கே அதைக் குடித்தால்
விடியும்வரை தூக்கமில்லை.
மூடியைத் திருகி அவனே உள்ளே தள்ளினான்.

கடைக்காரன் லைசின் களிம்பை நீட்டினான்.
பூனைச் சளிக்கு நல்லதாம்.
சளி இல்லை என்றேன்.
இருந்தாலும் நல்லதாம்.
அடுத்த புட்டியில் காலாவதித் தேதிமேல்
அரபி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.
நகத்தால் உரித்தேன்: முடிந்து மூன்று மாதம்.
அவன் கூரையைப் பார்த்தான்.

கடைசியில் கிடைத்தது வெள்ளைப் புட்டி.
மணமில்லை, சுவையில்லை, பூனைப் படமும் இல்லை.
உள்ளே ஒரே பொருள், எத்தனை மில்லிகிராம் என்று ஒரே எண்.
நாலு பக்கமும் படமெடுத்து டாக்டருக்கு அனுப்பினேன்.
எடை கேட்டார்.
அதற்குத்தான் அந்தத் தராசு.
எவ்வளவு, எத்தனை வேளை என்று எழுதி அனுப்பிவிட்டு
இன்னொரு வரி:
மருந்து சாப்பாடு ஆகாது. கறி கொடு.

வெளியே நாற்பத்தெட்டு டிகிரி.
புட்டியை வேலைக்குக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியில் வைத்து
மடியில் சுமந்து வந்தேன்.

பூனை உணவு டின்னை நானே திறந்தேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு பொடியைக் கலந்தேன்.
கிண்ணத்தின் விளிம்பில் மூக்கு இடித்து,
பின்வாங்கி,
மோந்து மோந்து வந்து சேர்ந்தது ஓவர்டைம்.
தயிர்சோற்றை இப்படித் தின்றதேயில்லை.
அது எனக்கு வலித்தது, சொல்லிக்கொள்ளவில்லை.

ஆறு வாரம் கழித்து மறுபடி கொக்கி, பை, கட்டில்.
மூன்று அறுநூற்றிருபது.
நைனா வாயைத் திறந்தான்.
பையைக் கழிக்காதே, என்றேன்.
இன்றைக்கு மட்டும் இருக்கட்டும்.