மழைக்குக் காசில்லை

நாவலில் பதினொரு பக்கம் மழை பெய்கிறது.
எழுதும்போது
சல்லிக்காசு செலவாகவில்லை எனக்கு,
மை தவிர, கொஞ்சம் காப்பி தவிர.
போர்ட்டோவில் மழை எந்நாளும் இனாம்தான்.

லிஸ்பனிலிருந்து தொலைபேசியில் யூரிக்கோ:
"ஸுல்மிரா, மழையை எடுத்துவிடு.
குடையோடு ஒருத்தி உள்ளே வரட்டும்.
'என்ன மழை!' என்று சொல்லட்டும்.
போதும்."

பதினொரு பக்கம்
இரண்டு சொல்லாயிற்று.
அந்த இரண்டு சொல்லுக்கு வந்த பணத்தில்
என் வீட்டுக் கூரையின் ஒழுகலை அடைத்தேன்.

முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு?
பழகிவிட்டேன்.
பன்னிரண்டு வருஷமாக அவள் அவனை மன்னிக்கவில்லை
என்பதை எப்படிப் படம்பிடிப்பது?
தட்டை ஓசையோடு வைக்கச் சொல்.
சீப்பில் சிக்கிய முடியைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்.
"நினைத்தாள்" என்ற வினைச்சொல்லை
ஒரு திங்கட்கிழமை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.
சாவி எங்கே என்று
இப்போது வந்து கேட்காதீர்கள்.

தபால்காரன் அடெரிட்டோவைக் கொன்றதுதான்
இன்னும் உறுத்துகிறது.
நாவலில் அவன் சாகவே இல்லை.
கடைசிப் பக்கத்திலும் சைக்கிள் மிதித்து
முகவரி அழிந்த ஓர் அஞ்சலட்டையோடு மேடேறுகிறான்,
பின்னால் ஒரு நொண்டி வாத்து.
தொடரில் வாத்து முதல் வாரமே போயிற்று: கடித்தது.
நாற்பத்து மூன்றாம் பாகத்தில்
நடிகர் நோர்பெர்ட்டோ சம்பளம் உயர்த்திக் கேட்டார்.
வியாழன் கேட்டார்.
வெள்ளி காலை நான் லாரியை வரவழைத்தேன்.
திரையில் லாரியும் இல்லை.
ஒரு பிரேக் சத்தம், தனியாக உருளும் சக்கரம்.
மலிவான சாவு.

மறுவாரம் ரொட்டிக்கடையில்
பெல்மிரா மீதிச் சில்லறையை
என் கையில் தரவில்லை, மேசையில் வைத்தாள்.
"அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தான்?"
என் புத்தகம் எதையும் அவள் படித்ததில்லை.
படித்தவர் எவரும்
என்னிடம் அப்படிக் கோபித்ததும் இல்லை.

பிராகாவில் நாடகமாகப் போட்டபோது
மழை திரும்பி வந்தது.
தகரத் தட்டில் காய்ந்த பட்டாணி.
உருட்டியவன் விளக்குக்காரரின் மச்சான்,
பகலில் கசாப்புக்கடை.
இருட்டில் நூற்றுப்பத்துப் பேர் தோளைக் குறுக்கினார்கள்.
ஒருவர் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.
பதினொரு பக்கத்தில் எனக்கு வசப்படாதது
அரைக் கிலோ பட்டாணிக்கு வசப்பட்டது.
வயிறெரிந்தது, ஒத்துக்கொள்கிறேன்.
மூன்றாம் இரவு தட்டு கவிழ்ந்து
நாயகி பட்டாணியில் வழுக்கி விழுந்தாள்.
அதற்கும் கைதட்டினார்கள்.

சினிமாவாக எடுத்தபோது எனக்கு அறுபத்திரண்டு.
ஆற்றின் அக்கரையிலிருந்து
இரண்டு தீயணைப்பு வண்டிகள் வாடகைக்கு.
குழாய்களை உயர்த்திப் பிடித்த நேரம்
வானம் கறுத்தது. பெய்தது.
"நிறுத்துங்கள்!" என்றார் ஒளிப்பதிவாளர்.
இந்தத் தூறல் படத்தில் தெரியாதாம்.
துளி மெலிசு, வெளிச்சம் போதாது.
ஆகவே அறுபது பேர்
பொய்மழை பெய்விக்க
மெய்மழை விடட்டும் என்று காத்திருந்தோம்.

கூடாரத்தில் எனக்குப் பக்கத்தில் நோர்பெர்ட்டோ.
இம்முறை பாதிரியார் வேஷம், இரண்டே காட்சி.
நரைத்துவிட்டார். காகிதக் கோப்பையில் சூப்.
"என்னைக் கொன்றீர்களே" என்றார் சாதாரணமாக.
"புத்தகத்தில் எப்படிச் சாகிறேன்?"
"சாகவில்லை."
"பிறகு?"
சொன்னேன்: மேடு, சைக்கிள், அஞ்சலட்டை.
வாத்தைச் சொன்னதும்
கட்டைவிரலை நீட்டித் தழும்பைக் காட்டினார்.
கொஞ்சம் சூப் குடித்தார்.
"அட்டையில் என்ன எழுதியிருந்தது?"

முகவரி அழிந்ததை எழுதினேன்.
இருபத்தெட்டு வருஷம்
மூன்று விதமாக விற்றேன்.
மறுபுறம் திருப்பிப் பார்க்க
ஒருநாளும் தோன்றவில்லை எனக்கு.

வானம் வெளுத்தது.
எல்லாரையும் இடத்துக்கு அழைத்தார்கள்.
அவர் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு
நனையப் போனார்.