பொதுவா

காந்தி பூங்காவில் காலை ஆறரைக்கு
ரீசேட் கொடுத்தார்கள்.
மீடியம் முடிந்துவிட்டது.
எக்ஸ்எல்லுக்குள் நான்
கம்பு நடாத கூடாரம்.
முதுகில் இருநூற்றுப் பதினேழு.

முன்னால் பிடித்த பனரில்
உளநலம், 'உலநலம்' என்று அடித்து வந்திருந்தது.
யாரோ மார்க்கரால் ல-வின் மேலே
ஒரு ள-வைக் குந்தவைத்திருந்தார்கள்.
கொஞ்சம் சரிந்து, ஆனாலும்
இருந்தது.

காசுத்தாளை இரண்டு கிழமையாய்க்
கந்தோரில் மேசை மேசையாய்க் கொண்டு திரிந்தேன்.
கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று எழுதி
ஒப்பம் வைக்க வேண்டும்.
பரஞ்சோதி ஐயா இருபது.
கமலவேணி நூறு,
பிறகு யோசித்து ஒரு சைபரை வெட்டினாள்.
ஏழு கிலோமீற்றர் என்றேன்.
நில அளவைக் கந்தோர் அல்லவா,
ஜெமீல் வரைபடத்தை விரித்து அடிமட்டம் வைத்து
ஆறு தசம் நான்கு என்று குறைத்தான்.

எல்லாரும் கேட்டது ஒன்று:
"யாருக்குக் கா?"
எல்லாருக்கும் சொன்னதும் ஒன்று:
"பொதுவா."

அங்கே ஒரு நாளைக்கு எத்தனை விசர்.
கம்பியூட்டருக்கு விசர், வெயிலுக்கு விசர்,
பிரிண்டர் விசர் பிடிச்சு நிக்குது மிஸ்.
நான் மட்டும் அந்தச் சொல்லை எடுப்பதில்லை.
அதை இன்னும் ஒருவரும் கவனிக்கவில்லை.

நடக்கத் தொடங்கினோம்.
பொலிஸ்காரர் கல்முனை பஸ்ஸை மறித்து நின்றார்.
யன்னலில் தலைகள், தலைகள்,
எங்களில் யார் அது என்று தேடுகிற மாதிரி.

பத்தடி முன்னால் டொரின் மிஸ்ஸி.
மாதத்தின் முதல் செவ்வாய், பதினோராம் அறையில்
என் கொப்பியில் திகதி போடுகிறவர்.
திரும்பினார். கண்டார்.
காணாதவர் போலக் கிறுகிக்கொண்டார்.
சந்தையில், தேரடியில், கல்யாண வீட்டில்
இத்தனை வருசமும் அப்படித்தான்
என்னைக் காப்பாற்றி வருகிறார்.
இன்றைக்கு மட்டும்
சப்பாத்துக்குள் போன மணல் போல உறுத்தியது.

மறுகா, கல்லடிப் பாலம்.
பக்கத்தில் பழைய இரும்புப் பாலம்.
சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தேன்.
அது அவிழ்ந்திருக்கவில்லை.

புதுப் பாலம் திறக்காத காலம்.
ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் போகும் அந்த இரும்பின் ஓரத்தில்
ஒரு பின்னேரம் நின்றேன்.
கைப்பையைக் கழற்றிக் கீழே வைத்திருந்தேன்.
ஓட்டோ ஒன்று வந்து நின்றது.
"கல்லடிக்கா? அம்பது தாங்க, போதும்."
நான் பேசவில்லை.
அவன் போகவுமில்லை.
பின்னால் வான், அதற்குப் பின்னால் லொறி, பஸ்.
அந்தப் பாலத்தில் ஒருவர் நின்றால்
ஊரே நிற்கும்.
ஹோர்ன் மேல் ஹோர்ன்.
வெட்கத்தில்தான் ஏறினேன்.
வேறு பெரிய காரணம் எதுவும்
அப்போது என்னிடம் இல்லை.

அவன் முகம் நினைவில்லை.
கண்ணாடியில் ஆடிய பிளாஸ்ரிக் எலுமிச்சம்பழம் நினைவிருக்கிறது.
இறங்கி நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு
மிச்சத்துக்குக் கை நீட்டி நின்றேன்.
மிச்சத்துக்கு.
எனக்கே சிரிப்பு வந்தது.

காசுத்தாளில் கடைசி வரி அவனுடையது.
பெயர்: ஓட்டோக்காரர்.
விலாசம்: பழைய பாலம்.
தொகை: ஐம்பது.
காசு நான் போட்டது.
இப்போது ஐம்பதுக்கு
ஓட்டோ ஸ்டார்ட்டும் எடுக்காது.

காத்தான்குடிக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது.
கடை வாசலில் மேசை போட்டு
நன்னாரித் தண்ணி வார்த்துக்கொண்டிருந்தார்கள்.
தொப்பி நெற்றிக்கு இறங்கிய ஒரு பொடியன்
எனக்கொரு கப் தந்தான்.
குடித்து முடிக்குமட்டும்
ரீசேட்டை எழுத்துக்கூட்டினான்:
ஒரு-வருக்-காக நடக்-கிறேன்.
"யாருக்கு?"

'பொதுவா' நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.
விழுங்கினேன்.
"எனக்கு."

"இந்தாங்க" என்று
இன்னொரு கப் நீட்டினான்.
பின்னால் வரிசை நின்றது.
அவசரப்படாமல்
அதையும் குடித்தேன்.