நாற்பத்தோராவது டப்பா

கலீசியா மலையில் எங்கள் ஊர்:
கருங்கல் சுவர், கையகல ஜன்னல்.
தபால் பையோடு அந்தக் கறுப்பு டப்பாக்களையும்
வீடு வீடாய்க் கொடுத்தவள் நான்.
மூன்று மாதம், கீழ்த்தளப் படுக்கையறை,
துணி போட்டு மூடக் கூடாது.

எலாடியோ கோழிக்கூண்டில் வைத்தான்.
வீட்டை விற்கப்போகிற ஒப்தூலியா
திறந்த ஜன்னலோரம் வைத்துவிட்டு
டிசம்பர் முழுக்க
கோட்டோடு தூங்கினாள்.

முடிவு வந்த வாரம் ரொட்டிக்கடையில்
கிழங்கு விலை மாதிரி,
"உனக்கு எவ்வளவு?"
"நூற்றுப்பத்து."
"எனக்கு எழுநூற்று நாற்பது" என்றார் பல்பினோ,
லாட்டரி விழுந்த குரலில்.
யாரும் சிரிக்கவில்லை.
சிகரெட்டே தொடாத அவர் மனைவி
போன மார்ச்சில்
இருமி இருமித்தான் போனாள்.

ரேடானுக்கு வாசனை கிடையாது.
கல் விடுகிற மூச்சு அது, அவ்வளவுதான்.
இப்போது அவர் வீட்டுத் தரையைத் துளைத்து
குழாய் இறக்கி விசிறி மாட்டியிருக்கிறார்கள்.
ராத்திரியெல்லாம் முனகுகிறதாம்.
"பக்கத்தில் ஆள் படுத்திருக்கிற மாதிரி" என்கிறார்.

வந்தது நாற்பத்தொன்று.
திருப்பி அனுப்பியது நாற்பது.
மிச்சம் ஒன்று என் மேஜை இழுப்பறையில்,
உறை பிரிக்காமல்,
வீட்டுக்கடன் ரசீதுகளுக்கு அடியில்.

நேற்று டார்ச்சுக்கு பேட்டரி தேடப்போன மகன்
கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றான்:
"அம்மா, இது யார் வீட்டுது?"