பதினேழு சதவீதம்

பாட்டிலில் ஒட்டிய சீட்டு:
நாகவல்லி, 47, அம்மாபேட்டை. இடது மார்பு.
எடை போட்டேன். விளிம்பில் மை தடவி
வில்லை வில்லையாக அறுத்தேன்.
நடுவில் சாம்பல் வெள்ளையாய் ஒரு கட்டி;
கத்தி படும்போது மணல் நெரிகிற சத்தம்.

கதவோரம் அவள் புருஷன்:
"கொள்முதல் நிலையத்துல
மூட்டையைக் குத்தி ஒரு பிடிதான் எடுப்பாங்க.
ஈரம் பதினேழு தாண்டினாத் தள்ளிடுவாங்க.
இங்க எது வரைக்கும் சார் ஏத்துக்குவீங்க?"

வெள்ளிக்கிழமை டாக்டர் சொல்வார் என்றேன்.
எனக்குச் சொல்ல அனுமதி அவ்வளவுதான்.
'அறுக்கையில் நறநறப்பு' என்று எழுதி வைத்தேன்.
ஏழு கேசட். ஏழிலும் பென்சிலில் ஒரே எண்.

ஜன்னலில் தூறல் விழுந்ததும்
அவர் எழுந்துவிட்டார்.
சாலியமங்கலம் ரோட்டில் நெல் காய்கிறதாம்.
தார்ப்பாய் இழுத்து மூட
எப்போதும் அவள்தானாம்.