கால் சுற்று

ஓவுலுவில் டிசம்பர், இரண்டு மணிக்கே இருட்டு.
தாவெத்தியின் படகுத்துறை ஏலத்தில் எடுத்த அமிகாவை
சமையல் மேசையில் பிளந்து போட்டிருக்கிறாள் தூய்ரெ.

வெள்ளைத் திரையில் ஒரு கை
நீல வட்டை நீட்டிக்கொண்டே நிற்கிறது.
க்ளக்.
சற்றுப் பொறுத்து, க்ளக்.

கேபிளைத் திருப்பிப் போட்டாள்.
முப்பத்துநான்காம் ஊசியைத் திட்டினாள்.
தலையை ஆல்கஹாலில் துடைத்தால்
பஞ்சில் தேநீர்க் கறை போலப் பழுப்பு.
அலைகாட்டியைப் பார்த்துப் பார்த்து
மோட்டாரின் திருகை நேராக்கினாள்.

கடையில் வாங்கிய வட்டுகள்
சொன்ன பேச்சைக் கேட்டன.
ஒன்றில் கப்பல்கூடப் பறந்தது.

இது மட்டும் இல்லை:
'கணக்கு 92', தாவெத்தியின் கோழிக்கிறுக்கல்.
படிப்பதில் பிழை.
மறுபடி, படிப்பதில் பிழை.

பல் துலக்கும்போது உறைத்தது.
வட்டில் கோளாறில்லை.
டிரைவிலும் இப்போது கோளாறில்லை,
அதுதான் கோளாறு.
கோணலாய் இருந்த காலத்தில்
கோணலாகவே எழுதிய தடங்கள்;
நேர்ப்பார்வைக்கு எப்படி அகப்படும்?

வாயில் நுரையோடு வந்து
பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள்,
திரும்பி வர வழி வேண்டுமே.
திருகைத் தளர்த்தி
மயிரிழை, இன்னும் ஒரு மயிரிழை,
நாள் முழுக்கச் சரிசெய்ததைத்
தானே கெடுத்தாள்.

கை மறைந்தது.
ர்ர்ர் என்று ஒரே மூச்சு.
பிறகு பட்டியல்: யார் படகு, எத்தனை நாள், எவ்வளவு பாக்கி.

பதினேழாவது வரி:
தூய்ரெ, துடுப்புப் படகு, ஒரு கோடை,
இருநூறு மார்க்கா. வரவில்லை.

திருகாணி இன்னும் கையில்.
கால் சுற்றுத் திருப்பினால்
உலகில் எவராலும் படிக்க முடியாது.

நுரையைத் துப்பப் போனாள்.