தண்ணிக்கு ரெண்டு கிலோ

திங்கள் காலை பெரட்டுக்களத்தில்
ரொசலின் செருப்பை உதறினாள்.
ஒரு சிட்டிகை மணல்.
மூன்றாம் நம்பர் மலையின் சிவப்பு மண்ணில்
உப்புச் சிந்தினாற்போல் கிடந்தது.
மிதிக்காமல் சுற்றி நடந்தோம்,
ஏனென்று தெரியாது.

நாலு பேர் போனோம்.
பதினோரு மாதச் சீட்டுக்காசு,
தவமலரின் கொழுந்தனுடைய வேன்.
வட்டவளை வளைவுகளில்
நிரஞ்சலா மூன்று தடவை வாந்தியெடுத்தாள்.
கித்துல்கலையில் ஸ்வெட்டரைக் கழற்றினோம்,
அவிசாவளையில் ஜன்னலை முழுக்கத் திறந்தோம்,
சிலாபம் தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது.

ஏறவும் இறங்கவும் ஒன்றுமில்லாத இடத்தில்
கால் எதைத்தான் பிடிக்கும்?
தவமலர் முதல் அரைமணி நேரம்
கடற்கரையில் பக்கவாட்டாக நடந்தாள்,
கூடை முதுகில் இருப்பதுபோல
முன்னால் குனிந்து.

உடப்பில் தமிழ்தான் பேசினார்கள்,
எங்கள் தமிழில்லை.
காற்றுக்கே அவர்களிடம் நாலைந்து பெயர்.
எங்கள் பெயரையும் கேட்டார்கள்.
"அரைப்பேர்" என்றாள் நிரஞ்சலா.
மணலில் உட்கார்ந்து சிரித்தோம்,
கண்ணில் நீர் வரும்வரை.
எப்படி விளக்குவது அவர்களுக்கு,
சொன்ன கிலோவில் ஒன்று குறைந்தால்
எங்கள் ஊரில் யாருக்கும்
முழுப்பேர் கிடையாதென்று.

கரைவலை வந்துகொண்டிருந்தது.
ஆள் பத்தவில்லை போல.
யாரும் கூப்பிடவில்லை,
கயிறு எங்கள் பக்கமாய் வந்தது, பிடித்தோம்.
கொழுந்துக்கறை ஏறிய விரல்களை
அது வேறு இடத்தில் அறுத்தது.
இழுக்க இழுக்க
கடல் கொஞ்சமும் குறையவில்லை.
கடைசியில்
சூடை, சாளை, ஒரே ஒரு பாரை,
கூழ்போல நாலு சொறி,
யாரோ தொலைத்த ரப்பர் செருப்பு ஒன்று.

வியாபாரி தராசோடு வந்தார்.
கூடை இருபத்திரண்டு காட்டியது.
"தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிங்க."

எங்கள் நாலு கழுத்தும் ஒன்றாகத் திரும்பின.
முகம் புதிது.
குரலை எங்களுக்குத் தெரியும்.
ஈரக் கொழுந்துக்கு ரெண்டு, சாக்குக்கு ஒன்று,
காதில் செருகிய பென்சில்.

பக்கத்தில் கயிறு சுருட்டிய திரவுபதை
எங்களையே பார்த்தாள்.
"ஒங்க ஊர்லயுமா?"
"எங்க ஊர்ல தண்ணி மேலருந்து வருது" என்றாள் ரொசலின்.
வேறொன்றும் பேசவில்லை அதைப்பற்றி.
போகும்போது
ஒரு பொதி கருவாடு கட்டிக் கொடுத்தாள்.
நாங்கள் கொண்டுபோயிருந்த தேயிலைத்தூளை
முகர்ந்து பார்த்து, நல்ல வாசம் என்றாள்.
ஹட்டன் கடையில் காசு கொடுத்து வாங்கியது.
சொல்லவில்லை.

இன்றைக்கு மத்தியான நிறுவை.
ஒன்பது நாளாய் மழையில்லை,
இலையைத் தொட்டால் சலசலக்கிறது.
கணக்கப்பிள்ளை தராசைப் பார்க்காமலே
"தண்ணிக்கு ரெண்டு" என்றார்.

பதினாறு வருசமாய் அந்த வரிசையில்
வாய் திறக்காத தவமலர் கேட்டாள்:
"எந்தக் கடல்லருந்து, சார்?"

வராதவர்களும் சிரித்தார்கள்,
விசயம் தெரியாமலே.
பென்சில் கொஞ்சம் நின்றது.
பிறகு எழுதியது.
அவள் எட்டிப் பார்த்தாள்.

ராத்திரி கருவாடு பொரித்தபோது
லயத்தின் எட்டுக் காம்பராவிலிருந்தும்
தட்டோடு வந்தார்கள்.
எவ்வளவுடி எழுதினார் என்று
ஆளாளுக்குக் கேட்டோம்.
பல்லிடுக்கில் சிக்கிய முள்ளை எடுத்துக்கொண்டே
தவமலர் சொன்னாள்:
"அடுத்த சீட்டு எப்பப் போடுறோம்?"